கத்தரிக்கோல் திரும்பி வந்தது

தார்த்துவில் நவம்பர், நாலு மணிக்கே இருட்டு.
நாய்களுக்கு மழைக்கோட்டு விற்கிறாள் மாரிகா.
குளியல் தொட்டி நிறைய அட்டைப்பெட்டி.
குளிக்க,
இந்திரெக்கின் அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறுகிறார்கள்.

கிடங்குக்காரர் சொன்ன விலை
பொட்டலத்துக்கு இரண்டு யூரோ நாற்பது.
மின்கட்டண உறையின் முதுகில்
கூட்டிக் கழித்துப் பார்த்தாள்.
தன் கைக்குக் கூலி என்ற இடத்தில்
ஒவ்வொரு முறையும் பூஜ்யம் போட்டாள்.
வீட்டில் கட்டுவதே லாபம் என்று வந்தது.

நாளைக்கு முப்பது தாண்டட்டும், என்றாள்.
தாண்டியது.
கிறிஸ்துமஸ் கழியட்டும், என்றாள்.

ஜனவரியில் ஹெல்சிங்கியிலிருந்து ஒரு உறை.
உள்ளே அவளுடைய கத்தரிக்கோல்,
இரண்டு வாரமாய்த் தேடியது,
இந்திரெக்கோடு சண்டை போட வைத்தது.
'இது உங்களுடையது என்று நினைக்கிறேன்.
கோட்டு இன்னும் வரவில்லை.
நாய் வாசலிலேயே நிற்கிறது.'

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.
கிடங்குக்கு போன் செய்தாள்.
சீட்டில் நாயின் பெயரைக் கையால் எழுதுவீர்களா?
அதற்கெல்லாம் கட்டம் இல்லையே.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு
சரி, வேனை அனுப்புங்கள், என்றாள்.

தொட்டியின் அடியில் டேப் ஒட்டிய தடம்.
நகத்தால் சுரண்டிவிட்டு
வெந்நீரைத் திருகினாள்.
கதவுக்கு வெளியே
துண்டோடு காத்திருந்தான் இந்திரெக்.