சண்டபோடு

வாக்காளர் பட்டியலில் அவர்
ஐவி சண்டபோடு.
ரேஷன் அட்டையில் சந்தபோது.
கேஸ் புத்தகத்தில் எவனோ ஒரு நல்லவன்
சாந்தபோடு என்று அடித்துவைத்திருக்கிறான்.
மூன்றையும் மேசையில் பரப்பி
"இதுல நான் யாருன்னு நீங்களே சொல்லுங்க தம்பி" என்றார்.

அரசரடி இ-சேவை மையம்.
டோக்கன் நாற்பத்தேழு.
சர்வர் சுற்றிக்கொண்டிருந்தது.
சர்வர் சுற்றும்போதுதான்
ஜனங்கள் கதை சொல்வார்கள்.

சாண்ட்ஃபோர்டு என்றால்
சண்டையும் இல்லை சாந்தமும் இல்லையாம்.
"ஃபோர்டுன்னா காருங்களா?" என்றது நாற்பத்தெட்டு.
அவர் திரும்பிப் பார்க்கவில்லை.
பாலம் கட்டாத காலத்தில்
ஆட்டையும் வண்டியையும் ஓட்டிக்கொண்டு
கால் புதையாத மணலாய்ப் பார்த்து
ஆற்றில் இறங்கிய இடம்.
அங்கே அப்படி நிறைய ஊர் உண்டாம்,
தன்னுடையது எது என்று தெரியாதாம்.

அந்த ஊரில் இருந்தவரைக்கும்
எவனுக்கும் அந்தப் பெயர் இல்லை.
எல்லாரும் அந்த ஊர்தானே, யார் யாரை அப்படிக் கூப்பிடுவது?
ஒருவன் பிழைக்கப் போனான்.
போன இடத்தில் வைத்தார்கள்.

பிறகு அந்தப் பெயர்
கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து
சென்னையில் கரை இறங்கி
திருச்சியில் காய்ச்சலில் படுத்தது.
கஞ்சி கொடுத்தவளைக் கட்டிக்கொண்டது.
மாதா கோயில் ஏட்டில் அவன் பெயர் முழுசாக இருக்கிறது,
பட்டாளத்து நம்பரோடு.
அவளுக்கு நேரே
'சுதேசிப் பெண்' என்று மட்டும்.
"போய்ப் பாத்தேன் தம்பி. மை கூட மங்கல."

அங்கிருந்து ரயில்தான்.
ஜோலார்பேட்டை, போத்தனூர், விழுப்புரம்,
அப்பா நோயல் மதுரை லோகோ ஷெட்டில் வந்து நின்றார்.
மானாமதுரை லைனில் முப்பது வருஷம்
நாள் தவறாமல் வைகையைத் தாண்டியவர்
ஒரு நாளும் மணலில் கால் வைத்ததில்லை.

சர்வர் வந்தது.
முதல் பெயர். இறுதிப் பெயர்.
எங்களுக்குப் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து,
இஞ்சின் மாதிரி.
அவருக்குப் பின்னால், கார்டு பெட்டி.
இழுக்கிறதோ தள்ளுகிறதோ,
வண்டி ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

நினைத்ததில் கை நின்றுவிட்டது.
என் தாத்தா மணலூரை விட்டு
நெல்பேட்டைக்கு மூட்டை தூக்க வந்த அன்றுதான்
மணலூரான் ஆனார்.
சாகும்வரை ம. சோணைமுத்து என்றே கைநாட்டின் பக்கத்தில் எழுதச் சொல்வார்.
பள்ளிக்கூடத்தில் அந்த 'ம'வை
அப்பாவே அடித்துவிட்டார்,
இனிஷியல் ஒன்று போதும் என்று.
இதை அவரிடம் சொல்லியிருக்கலாம்.
மின்சாரம் போய்விடும் என்ற பயத்தில்
தட்டச்சு செய்துகொண்டே இருந்தேன்.

தமிழ்க் கட்டத்தில் இயந்திரம் தானாகவே
சண்டபோர்டு என்று நிரப்பியது.
அழித்தேன். ஆய்த எழுத்தைத் தேடிப் போட்டேன்.
இரண்டு முறை துப்பியது.
மூன்றாம் முறை விழுங்கியது.

"பாஸ்போர்ட்டுக்காம்மா?"
தம்பி பெர்த்தில் இருக்கிறானாம்.
மகளுக்குக் கல்யாணம், ஒரு மாசம்.
"அங்க என் பேரை ஒருத்தரும் ஸ்பெல்லிங் கேக்க மாட்டாங்களாம்.
ஒரு மாசத்துக்கு மேல தாங்காது."

கிளம்பும்போது குனிந்து கேட்டார்,
திருச்சிக்காரி பெயர் தெரியவந்தால்
சேர்க்க இதில் எங்கேயாவது இடம் இருக்கிறதா என்று.
திரையை மேலும் கீழும் உருட்டினேன்.
தந்தை, கணவர், பாதுகாவலர்.
உருட்டிக்கொண்டே இருந்தேன்.

"சரி விடுங்க" என்று பர்ஸைத் திறந்தவர்
ரசீதைப் பார்த்தார்.
ஜெராக்ஸ் பக்கத்துக்கு அஞ்சு ரூபாயா?
எதிர்க்கடையில் ரெண்டு ரூபாய்க்கு எடுக்கிறான்,
கவர்மெண்ட் போர்டு போட்டுக்கிட்டு
பகல் கொள்ளையா அடிக்கிறீக?
வரிசை மொத்தமும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டது.

பட்டியல் எழுதியவன்
அப்படியொன்றும் தப்பாக எழுதிவிடவில்லை.