நட்சத்திரக் குறி

மெலோ நகரத்து ஜூலை.
புல்லில் உறைபனி இறங்கி
மாடுகளின் முதுகில் ஆவி எழும் மாதம்.
மருத்துவமனைப் பின்கட்டில் எனக்கு இரவுப்பணி.
சுழல்பொறி நிற்கும்வரை
மாத்தே உறிஞ்சிக் காத்திருப்பேன்.

இந்த உருகுவே மூலையில் பாதிப்பேரை எனக்கு
முகம் தெரியாது,
ரத்தம் தெரியும்.

எரிபெர்த்தோ சில்வேரா, ஐம்பத்தெட்டு.
பேருந்து நிலையத்துக்கு எதிரே கறிக்கடை.
ஆண்டுக்கொரு முறை வருவார்.
சட்டைக்கையை மடக்கும்போதே
நேற்றுச் சுட்ட விலாக்கறியின் புகை வரும்.
அவர் குழாய் தெளிந்து நான் பார்த்ததில்லை.
வடித்த கஞ்சிபோல்
மேலே ஒரு வெண்மை மிதக்கும்.
268. 274. ஒருமுறை 291.
எண்ணுக்குப் பக்கத்தில் எந்திரம்
ஒரு நட்சத்திரம் போடும்.
டாக்டர் இத்துர்ரால்தே மேசையைத் தட்டுவார்:
குறையுங்கள் ஐயா, இதைக் குறையுங்கள்.

அவர் மனைவி ஓடுல்யா என்னோடு படித்தவள்.
தாள்களையெல்லாம் ஃபிரிட்ஜ் கதவில்
காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள்.
அந்தக் கதவைத் திறந்துதான்
அவர் வெண்ணெய் எடுப்பாராம்.

இந்தக் குளிரில் இன்ஃப்ளூயன்சா
பள்ளிக்கூடத்தில் தொடங்கி
மாட்டுச்சந்தையில் முற்றியது.
ஐந்து நாள் கத்தியும் கையுமாய் இருமியவர்
ஆறாம் நாள்
உதடு நீலம் பாரித்து ஸ்ட்ரெச்சரில் வந்தார்.

அன்றிரவு: 131.
ஒட்டுச்சீட்டில் பெயரைச் சரிபார்த்தேன்.
மறுபடி ஓட்டினேன்.
129.
நல்ல கொழுப்பு என்று சொல்கிறோமே, அது வெறும் 17.
ட்ரைகிளிசரைடு மட்டும் ஏறியிருந்தது,
கூட்டம் கலைந்தபின் கத்துகிற ஒருவனைப் போல.

மூன்றாம் நாள் 98.

தாடைக்குக் கீழே குழாய் செருகி
அவர் படுத்திருந்த அறைக்கு வெளியே
ஓடுல்யா தாளை வாங்கிப் பார்த்தாள்.
நட்சத்திரம் இல்லை.
தாளை முத்தமிட்டாள்.
"பத்து வருஷமாய்க் கெஞ்சினேன்,
இப்போதுதான் கேட்டிருக்கிறார்" என்றாள்.
டாக்டர் தன் செருப்பைப் பார்த்தார்.
நான் டாக்டரைப் பார்த்தேன்.

என்ன சொல்வது?
தீப்பிடித்த வீட்டில்
வாளிகள் காலியாகும்.
காலி வாளியைக் காட்டி
வீடு சுத்தமாகிவிட்டது என்று சொல்லலாமா?
குறைந்ததால் நோய் முற்றியதா,
நோய் முற்றியதால் குறைந்ததா,
படித்தவர்களே இன்னும் வழக்காடுகிறார்கள்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
அந்தக் குளிர்காலத்தில் எண் இப்படிச் சரிந்தவர்கள் பலர்
நடந்து வீடு போகவில்லை என்பதுதான்.

97.
97.
ஒரு ஞாயிறு முழுக்க எண்ணே வரவில்லை, மின்தடை.
பிறகு 104.
126.
பன்னிரண்டாம் இரவில் 163.
ஆகஸ்டு கடைசியில்
வார்டு ஜன்னலோரம் சூப் குடித்துக்கொண்டிருந்தவரின் குழாயில்
வெண்மை ஒரு நூலாய்த் திரும்பியிருந்தது.
212, நட்சத்திரத்தோடு.
பதினாறு வருஷப் பணியில்
அந்தக் குறியைக் கண்டு
நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

அக்டோபரில் மறுபடி வந்தார்.
ஒற்றை மாடி ஏற மூச்சு வாங்கியது.
சட்டைக்கையில் புகை வாசம்.
255.
டாக்டர் மேசையைத் தட்டக் கையை ஓங்கினார்,
பாதியில் நிறுத்தினார்,
பிறகு மெதுவாகத் தட்டினார்.

ஓடுல்யா பின்கட்டு வரை வந்தாள்.
98 போட்ட தாள் இன்னும் கதவில் இருக்கிறதாம்.
இதையும் பக்கத்தில் ஒட்டுவதா,
அதைக் கிழிப்பதா என்று கேட்டாள்.

சுழல்பொறி அப்போதுதான் நின்றது.
அடுத்த குழாயை
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.