ஷட்டருக்கு எண்ணெய்

சிவகங்கை ஆஸ்பத்திரியில் கொடுத்த உறையில்
ஒரு சட்டை, ஒரு சார்ஜர், ஒரு போன்.
உறையின் மேல் மார்க்கரில்
பெயர் இல்லை. பெட் நம்பர் 27.
சானிடைசர் போட்டு
நன்றாகத் துடைத்துத்தான் கொடுத்தார்கள்.
அதில்தான் போயிற்று
சேவுகனின் விரல் போன தடம்.

விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால்
கண்ணாடியில் எண்ணெய்க் கோடு தெரியும்,
அதை வைத்தே பாதிப் பூட்டைத் திறந்துவிடலாம்
என்று சொன்னதும் அவர்தான்.
செக்காலை ரோட்டில் பதினோரு வருஷம்
ஊரார் போனைப் பிரித்துப் போட்டவர்
தன் போனின் பூட்டை என்னிடம் சொன்னதில்லை.
நானும் கேட்கவில்லை.
கேட்டு வைத்துக்கொள்கிற வயதா
நாற்பத்திரண்டு?

அந்த மே மாதம்
டிவியில் தினமும் ஓர் எண் சொன்னார்கள்.
அவர் போன நாளின் எண்ணில்
அவர் இல்லை.
சான்றிதழில் நிமோனியா.
நாடு எண்ணிக்கொண்டிருந்தது.
நான் கடைச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன்,
உள்ளதை விற்றுவிட.

பாதி ஷட்டர்தான் தூக்கியிருந்தேன்.
கண்டனூரிலிருந்து ஒரு பெண் வந்து நின்றாள்,
இரட்டை மாஸ்க், கையில் அதே மாதிரி உறை.
“அண்ணன் இல்லையா?”
இல்லை என்றேன்.
அந்த மாதம் எங்கள் பக்கம்
அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்.
அவள் மறுபடி கேட்கவில்லை.
போகவும் இல்லை.

வீடியோவைப் பார்த்து, நிறுத்தி, பார்த்து
முதல் போனில் கேபிளை அறுத்தேன்.
இரண்டாவதில் விரலைச் சுட்டுக்கொண்டேன்.
அவளுடையது மூன்றாம் நாள் வெளிச்சம் காட்டியது.
உயிர் வந்துருச்சு என்று சொல்ல வாயெடுத்து
ஆன் ஆயிருச்சு என்றேன்.

பிறகு வந்துகொண்டே இருந்தன.
புதுவயல் மில்காரர் ஒருவர் கடைசியாகப் பதிந்தது
நான்கு நிமிஷம், வெறும் மின்விசிறிச் சத்தம்.
மகன் அதை மூன்று பேருக்கு அனுப்பச் சொன்னான்.
கோட்டையூர் உண்ணாமலை
அப்பாவுக்கு யார் யார் பாக்கி என்று பார்க்க வந்தாள்,
பார்த்துவிட்டு, கடைவாசலிலேயே சிரித்தாள்:
எல்லாருக்கும் இவர்தான் பாக்கி.
ஒரு போனில் நான் எதையோ படித்துவிட்டேன்.
ஒரு பெயர், இரவு இரண்டு மணி.
மனைவி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்,
மடியில் இரண்டு வயசுப் பிள்ளை.
சிப் எரிஞ்சு போச்சும்மா என்றேன்.
காசு வாங்கவில்லை.
அது சரியா என்று இன்றைக்கும் தெரியாது.

எரிந்ததாகச் சொன்னதையும் சேர்த்து
அவருடைய பில் புத்தகத்தில் எழுதிவைத்தேன்:
ஊர், பெயர், என்ன பழுது.
டிவி எண் குறைந்து, நின்று,
கிரிக்கெட் வந்துவிட்ட பிறகும்
என் கணக்கு நூற்றுப் பதினாறில் போய்க்கொண்டிருந்தது.
நூற்றுப் பதினேழாவதாகச்
சேவுகன், காரைக்குடி, என்று எழுதினேன்.
என்ன பழுது என்ற இடம் காலி.

அவர் போனைச் சார்ஜ் இறங்க விட்டதில்லை.
மகள் பிறந்த தேதி, கடை திறந்த தேதி,
முதலெழுத்து, என் முதலெழுத்து,
ஒன்பது புள்ளியில் எத்தனை வழி.
ஐந்து முறை தவறினால்
முப்பது நொடி காத்திருங்கள் என்கிறது.
ஆக்சிஜனுக்கும் அப்படித்தான் சொன்னார்கள்,
நொடிக் கணக்குச் சொல்லவில்லை.

பூட்டிய போனிலும் அலாரம் அடிக்கும்.
தினமும் ஒன்பது பத்துக்கு
திரையில் அவர் தட்டச்சிட்ட வரி வரும்:
ஷட்டருக்கு எண்ணெய்.
எந்த வருஷம் வைத்தாரோ. ஒருநாளும் விட்டதில்லை,
அலாரத்தை அணைத்துவிட்டு
கிறீச்சென்று தூக்குவார், தெருவே திரும்பும்.

இன்று காலை தையல் மெஷின் எண்ணெயை
இரண்டு பக்கத் தடத்திலும் விட்டேன்.
ஒரு கையால் தூக்க முடிகிறது.
வெளியே ஒரு பையன் காத்திருந்தான்,
உடைந்தது திரை மட்டும்.
யாரும் சாகவில்லை அக்கா, கீழே போட்டுட்டேன் என்றான்.
முந்நூறு ரூபாய் சொன்னேன்.
இருநூற்றைம்பது என்றான்.