டி.பி.டி.

மார்ச் பிறந்தும் டலூத்தில் ஏரி இளகவில்லை.
என் மதுக்கடைச் சுவரில் ஹாக்கி.
திரை மூலையில் ஒரு மூன்றெழுத்து,
எதிரே இன்னொன்று,
நடுவில், இரண்டையும்விடப் பெரிதாக,
காப்பீட்டுக் கம்பெனி.

"யார் கை ஓங்கியிருக்கிறது?" என்றார் ரெய்னோ ஹக்காலா.
"காப்பீடுதான்" என்றேன், கோப்பை துடைத்தபடி.

அரங்கத்துக்குப் போன வருஷம் வங்கியின் பெயர்.
வங்கி மூழ்கிற்று. இப்போது மெத்தைக் கடை.
இரும்புத்தாதுக் கப்பலில் முப்பது வருஷம் கிடந்தவர்
பெயர் மாற்றிய கப்பல் கரைசேராது என்று முனகினார்.

இடைவேளையில் அட்டவணை காட்டினார்கள்.
இறுதி ஆட்டம்:
டி.பி.டி. எதிர் டி.பி.டி.

கண்ணாடியைச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டார்.
"அது எந்த ஊர், மார்வா?
வருஷம் தவறாமல் இறுதிக்கு வந்துவிடுகிறார்களே."

இன்னும் முடிவாகவில்லை என்பதன் சுருக்கம் அது,
ஊரில்லை, ஆளில்லை, சட்டைக்கு நிறம்கூட இல்லை
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் இருபது டாலரை எடுத்து
ஈரமேசையில் ஒட்டிவிட்டார்,
டி.பி.டி. மேல்.

எந்த டி.பி.டி.?

கொஞ்சம் யோசித்தார்.
"வெளியூரிலிருந்து வருகிறதே, அது.
இந்தப் பனியில்
எவ்வளவு தூரமோ, பாவம்."