பிக்கப்

உரக்கடை மாடியில் ஆறரை மணி வகுப்பு.
ஜெஸ்ஸி சாக்கோ டீச்சர் பலகையில் எழுதுகிறார்
இரண்டே சொல்: பிக், அப்.
அர்த்தம் ஏழு. அயர்லாந்து போகிறவர்கள்
எட்டாவதையும் தெரிஞ்சுக்கணும் என்று
மலையாளத்தில் சிரிக்கிறார்.
பதினொரு நர்ஸுகள் நோட்டில் கோடு போடுகிறோம்.

எனக்கு இது புதுச் சொல் இல்லை.
மூன்று வருஷமாய் இதற்குத்தான் தவணை கட்டுகிறேன்.
வெள்ளை நிறம், பின்னால் திறந்த தொட்டி,
கதவில் மகள் பெயர், நஸ்ரத்.
கிணத்துக்கடவில் தக்காளி ஏற்றி
வேலந்தாவளம் தாண்டிப் பாலக்காட்டில் இறக்கும்.
ஓட்டுவது என் வீட்டுக்காரர் சிக்கந்தர்.
மேட்டில் இரண்டாம் கியரில் அது இருமும்போது
"பிக்கப்புக்குப் பிக்கப் இல்ல" என்பார்.

கீழே கிடப்பதை எடுப்பது.
நிற்கிற ஆளை ஏற்றிக்கொள்வது.
வார்டில் நோய் தொற்றிக்கொள்வது, அதுவும்தான்.
யாரும் சொல்லித் தராமல்
ஒரு பாஷை வாயில் ஒட்டிக்கொள்வது:
எனக்கு மலையாளம் அப்படி.
செக்போஸ்ட் வரிசையில், வண்டிக்குள் உட்கார்ந்து
முதலில் கெட்ட வார்த்தைகள், அப்புறம் எண்கள்.

எங்களுக்கு இதெல்லாவற்றுக்கும் எடு போதும்.
பசி எடுக்கும், வாந்தி எடுக்கும்.
பெருநாளுக்குத் துணி எடுப்போம்,
மாமன் வீட்டில் பெண் எடுப்போம்.
பாம்பு படம் எடுக்கும்,
அதைப் பையன்கள் ஃபோனில் படம் எடுப்பார்கள்.
எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே சொல்தான்,
வாலில் மட்டும் ஒரு 'க்கு' கூடுதல்.

ராத்திரி பத்தேகால். அவர் ஃபோனை எடுக்கவில்லை.
பதினொன்று. எடுக்கவில்லை.
பதினொன்றரைக்கு அந்தச் சொல்லின்
பின்கதவு திறந்தது எனக்கு:
"மையத்து எத்தன மணிக்கு எடுக்கறாங்க?"
பள்ளிவாசல் முன்னால் செருப்போடு நின்று
ஆண்கள் தாழ்ந்த குரலில் கேட்பது.
டீச்சரின் ஏழில் அது இல்லை.
நோட்டை மூடினேன். மறுபடி அடித்தேன்.

யாரோ எடுத்தான்.
"சேச்சி, ஆளுக்கு ஒண்ணுமில்லா.
வண்டி மறிஞ்சு. தக்காளி மொத்தம் ரோட்டில்."
அவனுக்குப் பின்னால் கூச்சல்,
கூச்சலுக்குள் கொஞ்சம் சிரிப்பு.

பக்கத்து வீட்டு ஸ்கூட்டரில் போனேன்.
வளைவில் நாற்பது பெட்டி கவிழ்ந்து கிடந்தது.
இரண்டு மாநிலத்து ஜனமும் குனிந்து
ஃபோன் வெளிச்சத்தில் பொறுக்கிக்கொண்டிருந்தது.
சிலர் எங்கள் பெட்டியில் போட்டார்கள்.
சிலர் மடியில்.
ஒரு போலீஸ்காரர் தொப்பி நிறைய அள்ளி
இங்கும் அங்கும் பார்த்தார்,
அப்புறம் பெட்டியிலேயே கொட்டினார்.
மடியில் கட்டியவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை.
நசுங்கியதை யாரும் தொடவில்லை,
அது மட்டும் முழுசாய் எங்களுக்கு.

அவர் மைல்கல்மேல் உட்கார்ந்து
ஒரு தக்காளி தின்றுகொண்டிருந்தார்.
நெற்றியில் துண்டுத் துணி.
"ஏன் எடுக்கல?" என்று கேட்டேன்.
"எத எடுக்கறதுன்னு தெரியல" என்றார்.

மறுநாள் மாலை தேர்வு. வாக்கியத்தில் அமைக்கவும்.
எங்கள் சரக்கு ரோட்டில் போன விடியலிலேயே
சந்தையில் விலை பிக்கப் ஆனது என்று எழுதினேன்,
இங்கிலீஷில், பிழையில்லாமல்.
டீச்சர் சரி போட்டிருந்தார்.
ஓரத்தில் சின்னதாய் மலையாளத்தில்:
பெட்டி எத்தனை திரும்பக் கிடைத்தது?

அடியில் எழுதிக் கொடுத்தேன்.
இருபத்து மூன்று.