முளை

கலீசியக் கரையில் இந்த ஆற்றுக்கு
மொத்தமே ஒன்பது கிலோமீட்டர்.
அதற்குள் இரண்டு பெயர்.
மலையடியில் ஃப்ரீயா, குளிர்ந்தவள்.
சோள ஆலையைத் தாண்டினால்
ஆலைக்காரன் பெயர்தான் அதற்கும்.
பாலத்துக்குக் கீழே
யாரும் பெயர் சொல்வதில்லை.
‘அங்கே’ என்பார்கள்,
மட்டி வாரும் பலகையைத் தோளில் மாற்றிக்கொண்டு.

உரிமத் தாளில் ஒரு கட்டம்:
ஆறா, கடலா?
ஆற்றில் வாரினால் அபராதம்.
‘மணி என்னவென்று சொல்லுங்கள்,
பிறகு நான் சொல்கிறேன்’ என்றாள் ஒப்துலியா.

அதிகாரி பால்தார் சிரிக்கவில்லை.
நீர் வற்றிய வேளை பார்த்து வந்து,
ஆறு முடியும் இடம் இதுதான் என்று
சிவப்புச் சாயமிட்ட முளையொன்றைச்
சேற்றில் அறைந்துவிட்டுப் போனார்.
மாலை ஓதத்தில்
கழுத்தளவுக் கடலில் நின்றது அது.
நீர்க்காகம் ஒன்று அதன்மேல்
சிறகு உலர்த்தியது.

பிப்ரவரிப் புயல் முளையைப் பிடுங்கிக்கொண்டது.
முளைத்ததென்னவோ பெயர்.
‘நாளை ஆறரைக்கு, முளையில்’
என்கிறார்கள் தொலைபேசியில்.
உள்நாட்டிலிருந்து மணமாகி வந்த எலாடியா
முதல் நாள்
அதை வெகுநேரம் தேடினாள்,
ரப்பர் காலணிக்குள்
உப்பா இனிப்பா என்று தெரியாத தண்ணீர்
ஏறும்வரை.