மணி அடிக்காமல் வந்தவள்

மூன்றாம் நாளும் சீறினான்.
சோபாவுக்கு அடியிலிருந்து,
சைக்கிள் டயரில் ஆணி ஏறியதுபோல
நீளமாக ஒரு காற்று.

வுப்போ நார்வேக்குக் கப்பல் ஏறும்முன்
கூண்டையும் அரை மூட்டைத் தீனியையும்
என் கதவோரம் இறக்கிவைத்துச் சொன்னான்:
"சாது, ஃபென்னா. ஒன்றும் செய்யமாட்டான்."
ஒன்றும் செய்யாது என்று சொல்லித் தரப்பட்டவை எல்லாம்
எனக்கு ஏதாவது செய்துவிட்டுத்தான் போயிருக்கின்றன.

பெயர் கார்னமெல்க்.
எங்கள் ஊரில் மோருக்கு அதுதான் பெயர்.
தலை முழுக்க வெள்ளை, வால்நுனி கரி,
நடுவில் ஒரு முழ நீளத்துக்கு
எலும்பே இல்லாத அவசரம்.

மேல்மாடி ஹார்ம், மூக்கில் சுண்டு என்றார்.
சுண்டினேன்.
வால் பாட்டில் கழுவும் பிரஷ் ஆனது.
அதட்டினேன். மேஜையைத் தட்டினேன்.
பாலத்து வேலைக்கான தோல் கையுறையை மாட்டிக்கொண்டு
மேலிருந்து பிடிக்கப் போனேன்.
பயத்தில் அங்கேயே கழிந்து வைத்தான்,
துடைத்தது நான்.

ஒருநாள் இரவு, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்,
தரையில் குப்புறப் படுத்து
நானும் பதிலுக்குச் சீறினேன்.
அவன் என் வாயை மட்டும் பார்த்தான்,
கண்ணாடிக்கு அப்பால் யாரோ பேசுவதைப் பார்ப்பதுபோல.
அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வைத்தியர் ஆஃப்கே வயிற்றை அழுத்திப் பார்த்தார்,
பல் பார்த்தார், முதுகு ரோமம் விலக்கிப் பார்த்தார்.
வலியிருந்தாலும் சீறும், என்றார். இவனுக்கு வலி இல்லை.
பிறகு, அவன் முதுகுக்குப் பின்னால்
தன் சாவிக்கொத்தைத் தகரத் தட்டில் போட்டார்.
நான் துள்ளினேன்.
மோர் அசையவில்லை.
"தலை வெள்ளையாகப் பிறப்பவற்றில்
செவிடு நிறைய."

மறுநாள் காலை ஏழேகால்.
மணல் ஏற்றிய படகு ஒன்று கால்வாயில் காத்திருந்தது.
சிவப்பு விளக்கு. மணி. தடுப்புக் கட்டை.
அதற்குப் பிறகுதான் பாலம் எழும்ப வேண்டும்,
இருபது வருடமாக இந்த வரிசை பிசகியதில்லை.
சைக்கிள்காரர்கள் என்னை வைவார்கள்,
என் பாட்டனையும் சேர்த்து வைவார்கள்,
மணியை ஒருவரும் வைததில்லை.
மணியின் வாயை அடைத்தால்
பாலம் சொல்லாமல் எழும்பும்.

முன்பின் தெரியாத நாற்பது பேருக்கு
மணி அடித்துவிட்டு வீடு திரும்பி,
ஒரு முழ உயிர் முன்னால்
சத்தமே இல்லாமல் முளைத்திருக்கிறேன்.
அவனுக்கு நான் நடந்து வந்ததே இல்லை.
திடீரென்று இருந்தேன்,
பருந்தின் நிழல் இருப்பதுபோல.

இப்போது வாசலிலேயே குதிகாலை இரண்டு முறை
பலகைத் தரையில் இடிக்கிறேன்.
(கீழ்வீட்டார் கடிதம் போட்டுவிட்டார்கள்.)
மண்டியிட்டு, விரல்களை மடக்கி,
அவன் மூக்கு உயரத்தில் கையை வைக்கிறேன்.
சீறினால், வந்த இடத்தோடு நிற்கிறேன்.
முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.
கால் மரத்துப்போகும் வரைக்கும்கூட.
சில நாள் முட்டியில் சால்மன் எண்ணெய் ஒரு சொட்டு,
லஞ்சம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை கடித்தான்.
அவன் தூக்கத்தில் நான் கம்பளியை இழுத்தது தப்பு.
ஞாயிறு, என் செருப்பைத் திருடிக்கொண்டு
பக்கவாட்டில் துள்ளித் துள்ளி ஓடினான்,
தொண்டைக்குள் கொக்கொக்கென்று ஒரு சிரிப்பு,
தனக்கே கேட்காத சிரிப்பு.

இரவு வுப்போ கூப்பிட்டான்.
எப்படி இருக்கிறான் என்றான்.
நன்றாகச் சீறுகிறான் என்றேன்.
பிறகு கேட்டேன்:
இரண்டு வருடம் உன்னோடு இருந்தானே,
அவனுக்குக் காது கேட்காது என்று
உனக்குத் தெரியுமா?

பதில் இல்லை.
போனுக்குள் கடற்காற்று மட்டும்
நீளமாகச் சீறிக்கொண்டிருந்தது.

வந்த இடத்தோடு
நின்றேன்.